பதினொரு மணி நீலம்

நான் கண்ணாடி வெட்டிப் பிழைக்கிறவள். இப்படிச் சொன்னால் யாரும் மதிப்பதில்லை. ‘ஒளி, நிறம், உணர்வு ஆகியவற்றைத் தேடிச் செல்லும் கலைஞர்’ என்றால் உடனே நாற்காலி போடுகிறார்கள். அந்த வரியை எனக்கு எழுதிக் கொடுத்தது சென்னையில் இருந்த ஒரு கண்காட்சிக் கூடம். முதல் தடவை படித்தபோது வேறு யாரையோ பற்றி என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது கண்காட்சிக்குள் பழகிவிட்டது. ஐந்தாவதில் ‘உணர்வு’ என்ற சொல் அச்சில் விட்டுப்போனது என்று போனில் சண்டை போட்டேன்.

வேலை என்னவோ எளிமையானதுதான். கலர் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரத்தில் செம்பு டேப் ஒட்டி, ஈயம் உருக்கி ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். கை கிழியும், கண் எரியும். கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் வரும். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை வைத்து அதில் உணர்வை எழுத வேண்டும். சிவப்புக்குத் தாபம், பச்சைக்கு ஏக்கம், நீலத்துக்கு அமைதி. மஞ்சளுக்கு ‘நினைவு’ என்று எழுதினேன். அதற்குள் மற்ற உணர்வெல்லாம் தீர்ந்து போயிருந்தது, அது ஒன்றுதான் காரணம். ஒரு விமர்சகர் அந்த மஞ்சளுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று கண்ணீர் விட்டார். நானும் உருகிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு மெட்ராஸ் ஐ என்பது எனக்கும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

கொல்லிமலைக்கு நான் குடிவந்து எட்டு வருடம் ஆகிறது. சொந்த ஊர் அடிவாரம்தான். அப்பா கரும்பும் மஞ்சளும் போடுகிறவர். மலைமேல் வீடு பிடித்துவிட்டேன் என்றதும், நான் சாமியாராகப் போகிறேன் என்று நினைத்து வீட்டில் அழுதார்கள். அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் அதை ‘நாடு’ என்பார்கள். குண்டனி நாட்டில் ஓட்டு வீடும், வேலை செய்ய ஒரு கொட்டகையும் கிடைத்தன. ‘மலை வெளிச்சம் என்னை அழைத்தது’ என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். வாடகை குறைவு என்பதை எந்தப் பேட்டியிலும் சொல்லவில்லை. வெளிச்சம் அழைத்தது உண்மையென்றால் ஆறு மாதம் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்து நான் இருமிக்கொண்டிருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம். மிளகும் சாமையும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் போடுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த மலையிலேயே இருப்பவர்கள். அந்த வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் அதிகம் பேசாத மனிதர், மற்றவர்கள் பேசுவதையும் அதிகம் கேட்காதவர். ஒரே மகள் நர்சிங் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

எல்லாம் ஒரு குரங்கால் வந்தது. அவர்கள் வீட்டுக் கூரையில் ஓடுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடியைச் செருகியிருந்தார்கள். குரங்கு அதன்மேல் குதித்து உடைத்துவிட்டது. அந்த அக்கா என் கொட்டகைக்கு வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, உங்ககிட்ட கண்ணாடித் துண்டு ஏதாச்சும் கெடக்குதுங்களா? ஊட்டுக்குள்ள ஒரே இருட்டா இருக்குது. சாமையில கல்லுப் பொறுக்க முடியலீங்க.”

என்னிடம் வெள்ளைக் கண்ணாடி நாலைந்து இருந்தது. சுவரில் சாய்ந்து அவர் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. ஆனால் அந்தச் சமயம் மலையில் புதிதாக வந்த ஒரு ரிசார்ட்டுக்காக ‘அமைதி’ என்று ஒரு பெரிய நீலச் சுவர் செய்துகொண்டிருந்தேன். நீல வெளிச்சம் ஓர் இருட்டறைக்குள் நாள் முழுக்க எப்படி நகர்கிறது என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு இருட்டறை வேண்டும், அவருக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டும் ஒரே தேவைதான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கலைஞர்கள் இப்படித்தான் முடிவு செய்வார்கள்.

“நீலம் வைக்கிறேன் அக்கா. மனசுக்கு அமைதியா இருக்கும்,” என்றேன்.

“அமைதியெல்லாம் போதும்போதுங்கற அளவு இருக்குதுங்க. கல்லுத் தெரியுமுங்களா?”

தெரியும் என்றேன். தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதம் பார்த்துவிட்டு மாற்றிவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, நானே கூரை ஏறி நீலக் கண்ணாடியைச் செருகினேன்.

பிறகு நோட்டும் சுண்ணக்கட்டியுமாக அந்த வீட்டுக்குள் என் ஆராய்ச்சி தொடங்கியது. நீலம் ஒன்பதரைக்குச் சுவரில் விழும். பத்தரைக்குச் சாமைக் குதிருக்கு இறங்கும். பதினொரு மணிக்கு நடுத்தூண் பக்கம். பன்னிரண்டுக்கு வாசற்படியைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு இடத்திலும் தரையில் கோடு போட்டு மணி எழுதி வைத்தேன். சாணி மெழுகிய தரையில் ஒருத்தி வந்து கிறுக்குவதை அந்த அக்கா பொறுத்துக்கொண்டதற்கு எந்த விருது கொடுத்தாலும் தகும். மகள் மட்டும் என் நோட்டை எட்டிப் பார்ப்பாள். கோட்டின் மேல் கையை நீட்டி, விரல் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுப் போவாள். நிறத்தின் வசியம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் கொட்டகைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியை வெட்டுவதற்காக அதன்மேல் ஒரு நீளமான வளைவுக் கீறல் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் கீறலை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது தன் இஷ்டத்துக்கு உடையும்.

“அக்கா, சேலத்துல ஆசுபத்திரி வேலைக்கு ஆர்டர் வந்துருச்சுங்க. ஒண்ணாந் தேதி சேரோணும்,” என்றாள். “தேவனூர் நாட்டுல இருந்து பொண்ணு பாக்க வாராங்க. கல்யாணம் ஆனா வேலைக்கு அனுப்ப மாட்டோமுன்னு இப்பவே சொல்லிப் போட்டாங்க. எனக்கு வேண்டாமுன்னு அப்பன்கிட்ட மூணு தடவ சொல்லீட்டனுங்க. காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

“ம்,” என்றேன். கீறல் முடியவில்லை.

“சொல்றீங்களா?”

“சொல்றேன் கண்ணு.”

கீறல் சுத்தமாக வந்தது. கண்ணாடி நான் நினைத்த இடத்தில் உடைந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் சொன்னது எனக்கு மறந்தே போனது. மனித உணர்வுகளைத் தேடிச் செல்லும் வேலையில் அவ்வளவு மும்முரமாக இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் ஒரு ஜீப்பில் ஆறு பேராக வந்தார்கள். பத்தே முக்காலுக்கு வந்தார்கள். பனி விலகி நல்ல வெயில். ‘படிச்ச அம்மா’ ஒருத்தி பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்று காட்டுவதற்காக என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்: குதிர், தூண், மூலையில் இருந்த மிளகு மூட்டை, என் காலில் இருந்த ஈயக்கறை எல்லாம்.

பொண்ணு காபி கொண்டுவர நேரமாகிக்கொண்டே இருந்தது. அந்த அக்கா இரண்டு தடவை அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அவள் தட்டோடு வந்து, நடுத்தூணை ஒட்டி நின்றாள்.

நீலம் அவள் தலைமேல் முழுதாக விழுந்தது. உதடு கறுத்தது. நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டாக மாறியது. கண்ணின் வெள்ளை நீலமாகியது. அரக்குச் சேலை கறுப்பாகிவிட்டது. காதுத் தோடு ஈயத்தில் செய்ததுபோல் இருந்தது. அவள் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மலையேறி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மா எடுத்த டம்ளரை அப்படியே தட்டில் திருப்பி வைத்தார். “ஏங் கண்ணு, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?” என்று கேட்டார். பொண்ணு பதில் சொல்லாமல் இன்னொரு தடவை மூச்சு வாங்கினாள். “தோடுகூடக் கறுத்துக் கெடக்குதே,” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

அந்தக் குடும்பத்தின் தலைமேல் இடி விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ‘ஆகா, என்ன நீலம்!’ என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனில் இரண்டு படமும் எடுத்தேன்.

“கலந்து பேசீட்டுச் சொல்றமுங்க,” என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். வெற்றிலையைக்கூடத் தொடவில்லை.

மலையில் ரோடு வளைந்து வளைந்து போகும், பேச்சு நேராகப் போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பொண்ணுக்கு இருதயத்தில் ஓட்டை என்று ஆனது. ரேஷன் கடையில் அது இரண்டு ஓட்டை ஆனது. திங்கட்கிழமைச் சந்தையில் ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். விஷயம் காதுக்கு வந்ததும் அந்த அக்கா கையில் அரிவாளோடு கொட்டகைக்கு வந்தார். வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது.

“உங்க அமைதியில இடி விழ! நல்லா இருந்த புள்ளையச் சீக்காளி ஆக்கிப் போட்டீங்களே அம்மிணி! இனி எவன் என்ற ஊட்டுப் படியேறுவான்?”

அவர் அழுதார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்கில் ஆரம்பித்து இங்கே வந்து நின்றது. “நான் சரி பண்றேன் அக்கா, நான் பண்ணினதை நானே சரி பண்றேன்,” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அன்றே கூரை ஏறி நீலத்தைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கண்ணாடியைச் செருகினேன். மறுநாள் காலை நீலத்தைப் பழைய நூல்சேலையில் சுற்றி, பஸ்ஸில் இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு தேவனூர் நாட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய அம்மாவை நடுவில் நிற்கவைத்து, தலைக்குமேல் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் தன் உதட்டைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். மூக்குத்தியைப் பார்த்தார்.

“அட, நாங் கெட்டனே! இந்தக் கண்ணாடிதானுங்களா?”

பிறகு ஒவ்வொருவராக வந்து அடியில் நின்றார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையை இழுத்து நிறுத்தினார்கள். அவர் செத்த பிணம் போல் தெரிந்ததும் அவருடைய அம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓர் ஆட்டுக்குட்டியையும் தூக்கி வந்து காட்டினார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு கூட்டம் கூடிய கண்காட்சி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அட்டைகூட வைக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

“பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க. வர்ற வெள்ளிக்கெழம வெத்தல பாக்கோட வாரமுன்னு சொல்லீருங்க. வேலைக்கெல்லாம் போகோணும்னு இல்ல, இங்க மொளகுக்காட்டப் பாத்துக்கிட்டாலே போதுமுங்க,” என்றார் அந்த அம்மா.

தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

திரும்பி வந்தபோது மகள் என் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். நான் நடந்ததையெல்லாம் ஆட்டுக்குட்டி வரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“ஏனுங்க அக்கா, உங்கள யாரு போகச் சொன்னது?”

“உங்கம்மாதான்... உன் பேர் கெட்டுப்போச்சே கண்ணு.”

“ஆறு பேரு முன்னால அந்தத் தூணுகிட்ட எதுக்குப் போயி நின்னேன்னு நெனச்சீங்க?”

நான் செல்போனை எடுத்து அன்று பிடித்த படத்தைத் தேடினேன்.

“நீங்கதான் தரையில எழுதி வெச்சிருந்தீங்க, பதினொண்ணுன்னு. அவிய பத்தே முக்காலுக்கே வந்துட்டாங்க. காபியை ரெண்டு தடவ சூடு பண்ணினனுங்க.”

“மூச்சு வாங்கினது?”

“படிச்ச படிப்பு எதுக்குங்க? ஒதடு கறுத்து நீலம் பாஞ்சுதுன்னா இருதயமுன்னு நெனப்பாங்கன்னு தெரியாதுங்களா?”

“சீக்காளின்னு பேரு வந்தா பரவாயில்லையா?”

“சேலத்துக்குப் போயிட்டா ஒரு வருசத்துல மறந்துருவாங்க. கல்யாணத்த மறப்பாங்களா?” அவள் குரல் உடைந்தது. “வாயில சொன்னா யாரும் கேக்கலீங்க. அப்பன் கேக்கல, அம்மா கேக்கல. உங்ககிட்டயும் சொன்னேன். நீலமுன்னா அமைதின்னீங்க. சரி, அமைதியாவே நின்னு பாப்போமுன்னு நின்னனுங்க. அதத்தான் அவிய கேட்டாங்க. நீங்க போயி அதையும் கெடுத்துட்டு வந்துட்டீங்க.”

ஐந்து கண்காட்சி வைத்திருக்கிறேன். என் வேலை யாருக்கும் புரியவில்லை என்று ஐந்திலும் புலம்பியிருக்கிறேன். ஒரு நிறம் எந்த நேரத்தில் எங்கே விழும், அது ஒரு முகத்தை என்ன செய்யும், பார்க்கிறவர் மனதில் எதைக் கிளப்பும் என்று அச்சுப் பிசகாமல் புரிந்துகொண்ட ஒரே ஆள் எதிரில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் தூணடியில் நின்றதை நான் படம்கூடப் பிடித்து வைத்திருக்கிறேன். எனக்குத்தான் புரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் என் பழைய புத்தி உடனே ஒரு வழி கண்டுபிடித்தது.

“மஞ்சள் கண்ணாடி ஒண்ணு இருக்கு கண்ணு. அதை வெச்சா காமாலை மாதிரி...”

“வேண்டாமுங்க,” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “நீங்க எதையும் வெக்காதீங்க. ஒரு வார்த்த சொல்றேன்னீங்கல்ல, அத மட்டும் சொல்லுங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஜீப், அதே ஆறு பேர். இந்தத் தடவை வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வந்தது. வெள்ளைக் கண்ணாடி வழியாக வெயில் பளிச்சென்று தூணடியில் விழுந்தது. நான் அதற்கு முந்தின இரண்டு நாளும் அவளுடைய அப்பாவிடம் பேச முயற்சி செய்தேன். ஒரு தடவை அவர் மிளகுக் கொடிக்கு மேலே ஏணியில் இருந்தார், இன்னொரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவையெல்லாம் காரணமா என்று கேட்டால், இல்லை. எனக்குப் பயம்.

அவள் காபித் தட்டோடு வந்து அதே இடத்தில் நின்றாள். உதடு சிவப்பு, குங்குமம் சிவப்பு, தோடு மின்னியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இப்பத்தான் என்ற கண்ணு லட்சணமா இருக்குது,” என்று தாம்பாளத்தை எடுத்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

நான் தொண்டையைச் செருமினேன். “அதாவது, நிறம்ங்கறது பார்வையைப் பொறுத்தது. நாம ஒரு பொண்ணைப் பார்க்கும்போது அவளுக்குள்ள இருக்கிற...” என்று ஆரம்பித்தேன். பழக்க தோஷம். ஆறு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா கொட்டாவி விட்டார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. நான் வேலைக்குப் போறனுங்க.”

குரல் நடுங்கவில்லை. நெஞ்சில் கை வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தார், தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்த அக்காவும் அவர் கணவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“இன்னைக்கு எந்தக் கண்ணாடிய வெச்சீங்க அம்மிணி?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

“வெறும் கண்ணாடிதாங்க,” என்றேன். “பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க. எங்கிட்ட முன்னாடியே சொன்னா. நான்தான் சொல்லாம விட்டேன்.”

தாம்பாளம் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனது. அவளுடைய அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஆனால் அவர் எப்போதும் பேசாதவர் என்பதால் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றாம் தேதி அவரே மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ரிசார்ட்டில் நீலச் சுவர் ஏறிவிட்டது. அட்டையில் ‘நீலக் கண்ணாடி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். உணர்வு எங்கே மேடம் என்று முதலாளி கேட்டார். பார்க்கிறவர்கள் கொண்டுவருவார்கள் என்றேன். அதையும் ஆழமான கருத்து என்று எடுத்துக்கொண்டு அட்டையில் சேர்த்துவிட்டார். இந்தத் தொழிலில் தப்பிக்கவே முடியாது.

அந்த அக்கா என்னோடு ஒரு மாதத்துக்கும் மேல் பேசவில்லை. அவர் வீட்டிலிருந்து எனக்குக் குச்சிக்கிழங்கு வருவது நின்றுபோனது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானே அந்த வீட்டுக்குப் போனேன். மணி பதினொன்று இருக்கும். அவர் தூணடியில், வெளிச்சம் விழுகிற இடத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தரையில் என் கோடுகளை மெழுகி அழித்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“பொண்ணு போன் பண்ணினாளா அக்கா?”

“பண்ணுனா. நல்லாத்தான் இருக்கறா.”

“கண்ணாடி... வெளிச்சம் போதுங்களா?”

அவர் ஒரு கல்லை எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் எறிந்தார்.

“நல்லாத் தெரியுதுங்க அம்மிணி,” என்றார் தலையைத் தூக்காமல். “கேட்டப்பவே இதையக் குடுத்திருக்கலாமுல்ல?”